மடக்கு இ-சைக்கிள்: முதல் 200 கிலோமீட்டருக்குள் கை வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்

ஜூன் 4, கேள்வி

புதுசா 20 இன்ச் மடக்கு இ-சைக்கிள் வாங்கியிருக்கேன். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரி, பின் சக்கரத்துல ஹப் மோட்டார் (சக்கரத்தோட நடுவுலயே இருக்குற மோட்டார்), ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இன்னும் 40 கிலோமீட்டர்கூட ஓடல, அதுக்குள்ள மிதிக்கும்போது நடுவுல எங்கயோ கிரீச் கிரீச்சுன்னு சத்தம். எல்லாத்தையும் பொருத்தி, சோதிச்சுத்தான் பெட்டியில அனுப்புறாங்கன்னு சொல்றாங்க. அப்புறம் நான் எதுக்கு ஸ்பானர் எடுக்கணும்? சத்தம் தானா போயிடாதா?

ஜூன் 4, இரவு

தானாகப் போகாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம் பிடிக்கலாம். இன்றைக்கே பார்க்க வேண்டியது கீல். சத்தத்துக்குக் காரணம் அதுவாக இல்லாமலும் போகலாம். ஆனால் ஓட்டுகிறவரின் உயிர் அதில் தொங்குகிறது.

பெட்டியை விட்டு வரும்போது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஓட ஆரம்பித்ததும் கேபிள் உறைகள் அழுந்துகின்றன, ஸ்போக்ஸ் கம்பிகளின் நுனி நட்டுகளான நிப்பிள்கள் ரிம்மில் உட்காருகின்றன, போல்ட் தலைக்கு அடியிலுள்ள பெயிண்ட் நசுங்குகிறது. முதல் 150, 200 கிலோமீட்டரில் இது நடந்து அடங்கும். எந்தச் சைக்கிளுக்கும் இது உண்டு. மடக்கு சைக்கிளில் கூடுதலாக ஃபிரேம் நடுவில் ஒரு கீல், ஹேண்டில் தண்டின் அடியில் ஒரு கீல், சாதாரண சைக்கிளைவிட இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு சீட் போஸ்ட். அதோடு மோட்டார், பேட்டரி எடை வேறு.

கீலைப் பூட்டும் லாட்ச் லீவரைத் திறந்து மெல்ல மூடுங்கள். பாதித் தூரம் ஒற்றை விரலுக்கே வர வேண்டும். அங்கிருந்து எதிர்ப்பு தொடங்கி, கடைசியில் உள்ளங்கையின் அடியால் நன்றாக அழுத்தினால்தான் மூட வேண்டும். விரலாலேயே கடைசி வரை மூடினால் தளர்வு. உடம்பு எடையைப் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் அளவுக்கு மீறிய இறுக்கம்; லாட்ச்சின் காதில் விரிசல் விழுவது அப்படித்தான்.

சரிசெய்ய, லாட்ச்சுக்குள் ஒரு சிறிய போல்ட்டும் அது சுழலாமல் பிடித்து நிற்கும் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கால் சுற்று திருப்பி, மூடிப் பாருங்கள். சரியானதும் நட்டைத் திரும்ப முடுக்க மறக்காதீர்கள். அதைத் தளர்வாக விட்டால் இரண்டு நாள் ஓட்டத்தில் போல்ட் தானே நகர்ந்துவிடும்.

லீவர் மூடிய பிறகு அதற்கு மேல் ஒரு பாதுகாப்புப் பூட்டு விழ வேண்டும். அதைத் தொடாமல் லீவரை மட்டும் வெளியே இழுத்துப் பாருங்கள். அசையவே கூடாது.

ஜூன் 5, காலை

நேற்று கால் சுற்று என்று எழுதியதைத் திருத்துகிறேன். கால் சுற்று அதிகம். அரைக்கால் சுற்று திருப்பி மூடிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு அரைக்கால். இந்தப் போல்ட்டில் அந்தச் சிறு மாற்றமே லீவரில் தெளிவாகத் தெரியும்.

லீவர் சரியாக மூடினால் மட்டும் போதாது. கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுங்கள். 'டக் டக்' என்று கையில் உணர்ந்தால் எங்கோ ஆடுகிறது. இன்னொருவரைத் தள்ளி இழுக்கச் சொல்லிவிட்டு, ஹேண்டில் தண்டின் கீலில் இரு பாதிகளும் சேரும் கோட்டின் மேல் விரல் நுனியை வையுங்கள். கோடு விரலுக்கடியில் திறந்து மூடினால் கீல் தளர்வு. அங்கே அசைவில்லாமல், அதற்குக் கீழே ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் வளையத்தில் அசைவு தெரிந்தால் ஹெட்செட் பேரிங் தளர்வு. இது வேறு நோய், வேறு மருந்து. ஹெட்செட் ஆடும்போது கீலை இறுக்கிக்கொண்டே போனால் ஆட்டமும் நிற்காது, லாட்ச்சும் கெடும்.

நடு ஃபிரேம் கீலுக்கு, சைக்கிளின் பக்கத்தில் நின்று சீட்டை ஒரு கையாலும் ஹேண்டில் தண்டின் அடியை மறு கையாலும் பிடித்து, இரண்டையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள்.

ஜூன் 5, மாலை

ஒன்று விட்டுப்போனது. மடக்கும் முன் பவரை அணையுங்கள். த்ராட்டில் (மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கைப்பிடி விசை) உள்ள மாடலில், தூக்குகிறபோது அது உள்ளங்கையில் பட்டால் சக்கரம் சுழலும், விரல் கம்பிகளுக்குள் போகும். த்ராட்டில் இல்லாவிட்டாலும் தள்ளிக்கொண்டு போகும்போது பெடல் ஒரு சுற்று பின்காலில் பட்டு முன்னோக்கிச் சுழன்றால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது பெடலில் பாரத்தோடு கால் வைத்திருப்பதும் இதே ஆபத்து. பிரேக் லீவரை லேசாகப் பிடித்திருந்தால் லீவருக்குள்ளிருக்கும் சுவிட்ச் மோட்டாரை வெட்டிவிடும்.

மடக்கும்போது கேபிள்களைக் கவனியுங்கள். கீலின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு கேபிள் ஒருமுறை மாட்டினால் போதும், உறை நசுங்கிவிடும். பிரேக் கேபிள் என்றால் லீவர் கனமாகும். மோட்டார் வயர் என்றால் உள்ளே செம்பு அறுந்து, மழையில் மட்டும் வருகிற கோளாறாக மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

ஜூன் 7

"தினமும் 100 சதவீதம் சார்ஜ் போடலாமா, கூடாதா?" என்று கேட்டவருக்கு.

உங்கள் 36 வோல்ட் பேட்டரி என்பது 10 செல் வரிசை. முழுக்க நிரம்பினால் 42 வோல்ட். 48 வோல்ட் என்று எழுதியிருப்பது 13 செல் வரிசை, நிரம்பினால் 54.6 வோல்ட். லித்தியம் செல்லுக்கு நிரம்பிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடப்பதும் பிடிக்காது, காலியாகக் கிடப்பதும் பிடிக்காது. அதிலும் வெயிலிலோ சூடான அறையிலோ நிரம்பிய நிலையில் கிடப்பதுதான் மோசம். ஆகவே 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். 36 வோல்ட் பேட்டரிக்கு அது 37, 38 வோல்ட்டுக்குள் வரும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உள்ளிருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் சும்மா கிடக்கும்போதும் துளித் துளியாகக் கரண்ட் குடிக்கும். காலியாக வைத்துவிட்டு 3 மாதம் கழித்து எடுத்தால் சார்ஜ் ஏற மறுக்கும் பேட்டரிகள் இப்படிக் கெட்டவையே.

ஓட்டிவிட்டு வந்ததும் சார்ஜ் போட வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். உறைநிலைக் குளிரில், அதாவது 0 டிகிரிக்குக் கீழே, சார்ஜ் போடவே கூடாது. ஓட்டலாம், தூரம் குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது.

சார்ஜர் விஷயத்தில் சமரசமே வேண்டாம். 36 வோல்ட் சார்ஜரும் 48 வோல்ட் சார்ஜரும் பல நேரம் ஒரே அளவு பின்னோடு வருகின்றன, ஒன்று மற்றதில் நுழைந்துவிடும். சார்ஜரின் முதுகில் வெளியீடு 42 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் சார்ஜர் ஒயரில் இரண்டு நிற டேப் சுற்றிவையுங்கள்.

ஜூன் 8

80 சதவீதம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், அதில் ஒரு குறை உண்டு. வரிசையிலுள்ள 10 செல் தொகுதிகளும் ஒரே அளவில் நிற்க பி.எம்.எஸ். சமன் செய்ய வேண்டும். பெரும்பாலான பேட்டரிகளில் அந்தச் சமன் செய்யும் வேலை சார்ஜின் உச்சியில் மட்டும் நடக்கிறது. எப்போதும் 80-ல் நிறுத்தினால் ஒரு தொகுதி மெல்லப் பின்தங்கும். பிறகு அந்த ஒரு தொகுதி காலியானதும் மொத்தப் பேட்டரியும் அணைந்துவிடும்; திரையில் இன்னும் இரண்டு கட்டம் மிச்சம் இருக்கும்.

அதனால் மாதம் ஒருமுறை முழுக்க நிரப்பி, பச்சை விளக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் போடாதீர்கள். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, உப்பிய பேட்டரி, இனிப்பும் ரசாயனமும் கலந்த வாடை வரும் பேட்டரி, இவற்றுக்கு மறுபடி சார்ஜர் காட்டவே கூடாது. புதிதாகப் பேட்டரி வாங்குகிறவர்கள் யூ.எல். 2271 (அமெரிக்கத் தரம்) அல்லது ஈ.என். 50604 (ஐரோப்பியத் தரம்) பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். முழு வண்டிக்கான சான்றுகள் யூ.எல். 2849-உம் ஈ.என். 15194-உம்.

பேட்டரிப் பூட்டின் சாவியில் ஒரு எண் இருக்கும். இன்றே எழுதிவையுங்கள். இரண்டு சாவியும் தொலைந்தால் அந்த எண் இல்லாமல் பூட்டை உடைப்பதுதான் வழி.

ஜூன் 8, மாலை

"அட்டைப்பெட்டியில 60 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, எனக்கு 32-தான் வருது, பேட்டரி பழுதா?"

பழுதில்லை. 36-ஐ 10-ஆல் பெருக்கினால் 360 வாட் மணி. சமதரையில் நீங்களும் மிதித்து, நடுத்தர உதவியில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட் மணி போகும். 360-ஐ 11-ஆல் வகுத்தால் 32, 33. உங்கள் கணக்கு கச்சிதமாக வருகிறது. 60 என்பது குறைந்த உதவி, இலேசான ஆள், எதிர்காற்று இல்லாத நாள், நல்ல தார்ச்சாலை எல்லாம் சேர்ந்தால் வருகிற எண். த்ராட்டிலை மட்டும் பிடித்து ஓட்டினால் செலவு கிலோமீட்டருக்கு 15 வாட் மணியைத் தாண்டும், வண்டி 20 கிலோமீட்டரில் திணறும்.

மேட்டில் திரைக் கட்டங்கள் மளமளவென்று குறைந்து, இறங்கியதும் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாரத்தில் வோல்ட் தாழ்ந்து, பாரம் விட்டதும் எழுகிறது. வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும் வோல்ட் அளவே உண்மைக்குக் கிட்ட இருக்கும். உங்கள் திரையில் வோல்ட் காட்டும் வசதி இருந்தால் கட்டங்களை விட்டுவிட்டு அதையே பாருங்கள். 33-க்குக் கீழே இறங்கினால் வீடு பக்கம் திரும்புங்கள்.

தூரமும் வேகமும் திரையில் தப்பாக வரலாம். அமைப்பில் சக்கர அளவு 26 என்று இருந்தால் 20 இன்ச் வண்டி 30 கி.மீ. வேகம் காட்டும்போது நிஜத்தில் 23-தான் ஓடும்.

ஜூன் 11

காற்று. இந்த இழையில் வந்த பாதிக் கேள்விகளுக்கு விடை இதில் இருக்கிறது, ஆனாலும் யாருக்கும் இதில் ஆர்வம் வருவதில்லை.

சின்ன டயரில் காற்றின் கொள்ளளவு குறைவு. பெரிய சக்கரத்தில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய கசிவு இதில் ஒரே வாரத்தில் தெரியும். 20×1.75 டயரின் பக்கவாட்டில் பெரும்பாலும் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். பின் சக்கரத்தில்தான் மோட்டாரும் உங்கள் எடையும், ஆகவே பின்னால் 55, முன்னால் 45 என்று தொடங்கிப் பாருங்கள். 4 இன்ச் தடித்த டயர் என்றால் கதையே வேறு, 15 முதல் 25-க்குள். எதுவானாலும் டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள். வாரம் ஒருமுறை, அளவுமானி உள்ள பம்பால் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் முறை தடிமனான மின்சைக்கிள் டயரில் ஏமாற்றும், 30 பி.எஸ்.ஐ.யிலும் கல்லாகத்தான் தெரியும்.

டியூப் வாங்கும்போது 20 இன்ச் என்று மட்டும் கேட்காதீர்கள். 20 இன்ச் என்ற பெயரில் 406 என்றும் 451 என்றும் இரண்டு ரிம் அளவு உண்டு, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 16 இன்ச்சிலும் இப்படி 305, 349. டயரின் பக்கத்தில் 47-406 என்பதுபோல் இருக்கும்; முதல் எண் டயர் அகலம், இரண்டாவது ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில்.

ஜூன் 12

பின் சக்கரப் பஞ்சரைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் இருப்பதால் கழற்றவே முடியாது என்ற பயம் வேண்டாம். பொறுமை வேண்டும், 18 மி.மீ. ஸ்பானர் வேண்டும் (சில வண்டிகளில் 17 அல்லது 19, இப்போதே அளந்துவையுங்கள், நடுவழியில் அல்ல).

முதலில் ஒரு குறுக்குவழி. ஓட்டை எங்கே என்று தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து பிரித்து, அந்த இடத்து டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போட்டு, உள்ளே தள்ளி, டயரை ஏற்றிவிடலாம். முள்ளோ கம்பியோ குத்திய பஞ்சர்களுக்கு இதுவே போதும். வால்வு அடியில் கிழிந்தாலும், டியூபையே மாற்ற வேண்டியிருந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பவரை அணைத்துப் பேட்டரியை எடுத்துவிடுங்கள். செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். பின் ஃபோர்க் குழாயையொட்டி மோட்டார் வயரில் விரல் தடிமனுக்கு ஒரு கனெக்டர் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கேபிள் டைகளை வெட்டுங்கள். கனெக்டரின் இரு பாதியிலும் அம்புக்குறி உண்டு. இரண்டையும் நேராகப் பிடித்து இழுங்கள். திருகினால் உள்ளே ஊசி போன்ற பின்கள் வளைந்துவிடும்.

நட்டை அவிழ்க்கும் முன் இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்கள். நட்டு, வாஷர், நாக்கு வைத்த வாஷர், ஃபிரேம், அதற்கு உள்ளே இன்னொரு வாஷர் என்று இருக்கும் வரிசை திரும்ப அப்படியே போக வேண்டும். உள்ளே போக வேண்டிய வாஷரை வெளியே போட்டால் டிஸ்க் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்து பிரேக் பேடில் உரசும். பிறகு பிரேக்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு நட்டையும் மாறி மாறித் தளர்த்துங்கள். சக்கரம் கீழே இறங்கும், கனமாக இருக்கும், டிஸ்க் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது ஹைட்ராலிக் (எண்ணெய் வகை) பிரேக் லீவரைத் தொடாதீர்கள், பேட்கள் ஒட்டிக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது வயர் அச்சிலிருந்து வெளியேறும் இடம் கீழ்நோக்கி இருக்கட்டும், கனெக்டருக்கு முன் வயர் ஒரு தொங்கல் விட்டு மேலேறட்டும். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் ஊறாது. அச்சு பள்ளத்தின் அடிவரை உட்கார்ந்த பிறகே நட்டை முடுக்குங்கள், சுமார் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவருக்கு: 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 20 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தம். 30 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

ஜூன் 13

அந்த நாக்கு வைத்த வாஷர் எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார், இல்லாமல் ஓட்டலாமா என்றும். கூடவே கூடாது. சாதாரண சக்கரத்தில் அச்சு சும்மா நிற்கிறது. ஹப் மோட்டாரில் சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசை அச்சைப் பின்னே திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுப்பது அச்சின் இரண்டு தட்டையான பக்கங்களும், ஃபிரேம் பள்ளத்துக்குள் நுழைந்து நிற்கும் அந்த நாக்கும்தான். தளர்ந்த நட்டோடு ஓட்டி அச்சு ஒரு சுற்று சுற்றினால் அச்சின் வழியே வரும் வயர்க் கொத்து முறுக்கி அறுந்துவிடும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் கூடவே போகும். ஓர் அலுமினிய ஃபிரேமின் பள்ளம் விரிந்துவிட்டால் அந்த ஃபிரேமே முடிந்தது.

ஜூன் 16

பிரேக். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், வரிசை தவறிவிட்டது.

புது டிஸ்க் பிரேக் வழுக்கும். பேடின் தூள் டிஸ்க்கில் சீராகப் படியும்வரை முழுப் பிடிப்பு வராது. வண்டி நடமாட்டமில்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகம்வரை பிடித்து, விட்டுவிடுங்கள். முன் பிரேக்குக்கு 20 தடவை, பின் பிரேக்குக்கு 20 தடவை, தனித்தனியாக. பத்தாவது தடவைக்குள் வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

கேபிள் வகை டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும். ஸ்போக்ஸ் பக்கம் இருப்பது நிலையான பேட். நகரும் பேட் டிஸ்க்கை வளைத்து நிலையான பேடில் கொண்டுபோய் அழுத்துகிறது. ஆகவே நிலையான பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். லீவர் ஹேண்டில்வரை வர ஆரம்பித்தால் பலர் கேபிளை மட்டும் இழுத்து இறுக்குகிறார்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால் பேட்களைத் தாங்கும் காலிப்பரின் கை பாதி மூடிய நிலையிலேயே நின்று, அழுத்தத்துக்கு மிச்சத் தூரமே இருக்காது. முதலில் நிலையான பேடை 5 மி.மீ. ஆலன் கீயால் உள்ளே கொண்டுவாருங்கள், பிறகு கேபிள். பேடின் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

பிரேக் லீவர் முழுக்கத் திரும்பாவிட்டால் அதிலுள்ள சுவிட்ச் பிடித்தபடியே நிற்கும், மோட்டார் ஓடாது. "திரை எரிகிறது, மோட்டார் மட்டும் வேலை செய்யல" என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அடுத்தது, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) அருகே, மிதிப்பதை உணர்ந்து மோட்டாரை ஓடச்சொல்லும் காந்த வட்டும் சென்சாரும். அவற்றுக்கு நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி. மடக்கும்போது ஏதாவது இடித்துச் சென்சார் விலகியிருக்கும்.

ஜூன் 19

முதல் கேள்விக்கே, அந்தக் கிரீச்சுக்கே, இன்னும் விடை வரவில்லை. கீலைச் சரிபார்த்துவிட்டதாகவும் சத்தம் அப்படியே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பிரித்துப் பார்ப்போம்.

உட்காராமல் எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட்டும் சீட் போஸ்ட்டும்தான். மிதிக்காமல் சீட்டில் உட்கார்ந்து உருட்டும்போதும் சத்தம் வந்தால் சக்கரமோ ஸ்போக்ஸோ. வலது கால் கீழே போகும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என்றால் அந்தப் பக்கப் பெடல் அல்லது கிராங்க். ஹேண்டிலை இழுக்கும்போது மட்டும் என்றால் தண்டும் அதன் கீலும். கீலின் இரு முகங்களிலும் மண் இருந்தாலும் கிரீச்சிடும்; உலர்ந்த துணியால் துடையுங்கள், கீல் ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய், வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

சீட் போஸ்ட்டாக இருந்தால் வெளியே எடுத்து, குழாயின் உட்புறத்தையும் போஸ்ட்டையும் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

ஜூன் 21, கேள்வி கேட்டவர்

எழுந்து நின்னா சத்தமே இல்ல. சீட் போஸ்ட்தான்! துடைச்சு, கிரீஸ் போட்டேன், சத்தம் சுத்தமா போச்சு. ஆனா இப்ப ஓட்ட ஓட்ட சீட்டு கீழ இறங்குது. 5 கிலோமீட்டருக்கு ரெண்டு விரல் அளவு.

ஜூன் 21, இரவு

அது என் தவறு. சாதாரண சைக்கிளுக்குச் சரியாக இருக்கும் அறிவுரையை மடக்கு சைக்கிளுக்கு அப்படியே எழுதிவிட்டேன். தினமும் ஏற்றி இறக்கும் நீளமான போஸ்ட்டைப் பிடிப்பது ஒரே ஒரு குவிக் ரிலீஸ் லீவர். அதற்கு உராய்வு வேண்டும். கிரீஸை முழுக்க எடுங்கள்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் போஸ்ட்டையும், குழாயின் உள்ளே கைக்கு எட்டும் தூரம்வரையும் துடையுங்கள். குழாய்க்குள் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதையும். துணி கறுப்பில்லாமல் வெளியே வரும்வரை. கிரீஸ் போக வேண்டிய ஒரே இடம் லீவரின் போல்ட் மரையும், லீவர் உரசித் திரும்பும் வளைந்த முகமும்தான். அங்கே காய்ந்திருந்தாலும் கிரீச்சிடும்.

அப்புறம் கீலுக்குச் சொன்ன அதே சோதனை இந்த லீவருக்கும் பொருந்தும். மூடினால் உள்ளங்கையில் லீவரின் தடம் பதிய வேண்டும். போஸ்ட்டில் 'குறைந்தபட்சம் இதுவரை உள்ளே' என்ற கோடு உண்டு. அது வெளியே தெரியக் கூடாது. சரியான உயரம் கண்டதும் ஒரு டேப்பை மெல்லச் சுற்றிவையுங்கள், தினமும் தேட வேண்டியதில்லை.

ஜூன் 24

மேடு ஏறுமா என்று கேட்டவருக்கு. சின்னச் சக்கரம் என்பதால் ஏறாது என்று நினைப்பது தலைகீழ். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தருகிறது என்றால், 20 இன்ச் சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர், தரையில் தள்ளும் விசை 160 நியூட்டன். அதே மோட்டார் 26 இன்ச் சக்கரத்தில் இருந்தால் ஆரம் 33 செ.மீ., விசை சுமார் 120. சின்னச் சக்கரம் மேட்டுக்கு நல்லது, உச்ச வேகத்துக்குத்தான் கெட்டது.

ஆனால் ஹப் மோட்டாருக்கு மெதுவாகச் சுழல்வது ஆகாது. வேகம் 10 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் பேட்டரியிலிருந்து போவதில் நிறையவே சூடாகப் போகும். மேட்டின் அடிவாரத்திலேயே கியரைக் குறைத்து, கால்களை வேகமாகச் சுழற்றி, வேகம் விடாமல் ஏறுங்கள். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு மோட்டாரைத் தொட முடியாத அளவு சூடு இருந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஜூன் 29

சிறு விஷயங்கள். மழையில் ஓட்டலாம், பிரஷர் பம்பால் கழுவக் கூடாது. நீர் தெறிப்பதைத் தாங்கும் ரப்பர்கள், பீய்ச்சுவதைத் தாங்காது. தூக்கும்போது பேட்டரியைத் தனியாக எடுங்கள், 2 முதல் 3 கிலோ குறையும். கேரியரைப் பிடித்துத் தூக்காதீர்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாது: பயணிகள் விமானத்தில் 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை, உங்களுடையது 360.

ஜூலை 6, கேள்வி கேட்டவர்

210 கிலோமீட்டர் ஆச்சு. சீட்டு இறங்கல. சத்தம் இல்ல. இப்ப என்ன பார்க்கணும்?

ஜூலை 6, மாலை

ஸ்போக்ஸ். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் நெருக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வாருங்கள். பின் சக்கரத்தில் ஒன்றாவது தொளதொளவென்று இருந்தால் ஸ்போக் சாவியால் கால் சுற்று, அதற்குமேல் வேண்டாம். பிறகு சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்குக்கு அருகே ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா பாருங்கள். மோட்டார்ச் சக்கரத்தின் கம்பிகள் குட்டையாகவும் சாய்வாகவும் இருப்பதால் ஒன்று தளர்ந்தால் பக்கத்துக் கம்பி வளைவில் முறியும்.

பெடல்கள். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் முடுக்க வேண்டும். 15 மி.மீ. ஸ்பானர், 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். மடக்குப் பெடல் தளர்ந்தபடி 20 கிலோமீட்டர் ஓடினாலே அலுமினிய கிராங்கின் மரை அரைபட்டுப்போகும்.

கடைசியாக, நல்ல வெளிச்சத்தில் நடு ஃபிரேம் கீலின் இரு பக்க வெல்டிங்கையும் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் உரசிப் பாருங்கள். நகம் தடுக்கினால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு விற்றவரிடம் ஃபோட்டோவோடு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நகம் வழுக்கினால் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். அடுத்த மாதம் கோடு வட்டத்துக்கு வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.